அரசியின் இடுப்பளவு

நாடகத்துறையில் அவளை எல்லோரும் நூல்கண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். எதை உடுத்திக்கொண்டு வந்தாலும் தோளிலோ முழங்கையிலோ ஒரு துண்டு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் வருடம் யாரோ வேடிக்கையாக வைத்த பெயர். கடைசி வருடம் வருவதற்குள், வருகைப்பதிவு எடுக்கிற ஆசிரியருக்கே அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று நாக்கில் வராமல் போய்விட்டது. அவள் அதற்காக வருத்தப்படவில்லை. வருத்தப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

கடைசி வருடத்தின் கடைசி மாதம் அப்படிப்பட்டது. நடிப்பு, இயக்கம், உடை தயாரிப்பு என்று மூன்று பிரிவும் சேர்ந்து ஒரே நாடகம் போட வேண்டும். வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரே மாலையில் எல்லோருடைய தலைவிதியும் முடிவாகிவிடும். நூல்கண்டின் பிரிவில் அவளோடு சேர்த்து மூன்று பேர். அதில் ஒருத்தி கல்யாணம் நிச்சயமாகிப் பாதியிலேயே நின்றுவிட்டாள். இன்னொருவன், சிப்பாய்களுக்கு அட்டையில் கவசம் செய்கிறேன் என்று பசையும் பெயின்ட்டுமாக வராந்தாவிலேயே குடியேறிவிட்டான். மிச்சமெல்லாம் இவள் தலையில் விழுந்தது.

உடை அறை மேடைக்குப் பின்னால், பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் போடும் அறையை ஒட்டி இருந்தது. ஜன்னல் என்று ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கு மேலே. வெளிச்சம் வரும், காற்று வராது. நான்கு தையல் மெஷின்களில் இரண்டு ஒழுங்காக ஓடும், ஒன்று தன் இஷ்டத்துக்கு ஓடும், ஒன்று ஓடவே ஓடாது. இஸ்திரிப் பெட்டி சூடாகும்போது அந்த அறையில் நிற்பதும் அடுப்புக்குள் நிற்பதும் ஒன்றுதான். அங்கேதான் நூல்கண்டு காலையில் நுழைந்து, பொழுது சாயும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள்.

நாடகத்தை எழுதியதும் இயக்கியதும் அவர்கள் வகுப்புத் தோழன்தான். தாடி என்று பெயர், தாடியும் இருந்தது. பகைவர் வருகிறார்கள் என்று நகரமே காலி செய்துகொண்டு கிளம்புகிறபோது, நான் வரமாட்டேன் என்று அரண்மனையிலேயே தங்கிவிடுகிற ஒரு வயதான அரசியின் கதை அது. மூன்று அங்கமும் அரசி மேடையை விட்டு இறங்குவதே இல்லை. கடைசிக் காட்சியில் உயரமான படிக்கட்டின் உச்சியிலிருந்து தன்னந்தனியாகப் பேசிக்கொண்டே இறங்கி வர வேண்டும். அந்தப் படிக்கட்டுதான் நாடகத்தின் உயிர் என்று தாடி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அரசியாக நடித்தவள் நூல்கண்டின் பள்ளித் தோழி. மூன்று வருடமாக ராணி வேஷமாகவே வந்து விழுந்ததால் அவளுக்கு மகாராணி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே நாளில் நடிப்புப் பிரிவுக்குத்தான் நேர்முகத்தில் நின்றார்கள். மகாராணி பேசிக் காட்டியபோது ஆசிரியர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நூல்கண்டு பேசியபோது ஒருவர் பேனாவை மூடினார். குரல் மேடையைத் தாண்டாதும்மா, உடைப் பிரிவில் இடம் இருக்கிறது, சேர்ந்துகொள்கிறாயா என்று அன்பாகத்தான் கேட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் சரி என்றாள். முதல் வருடம் முழுக்க வயிற்றெரிச்சலோடுதான் தைத்தாள். அப்புறம் எப்போது என்று தெரியாமல் வேலை பிடித்துப்போனது. வெட்டிய துணி ஒரு உடம்பாக எழுந்து நிற்கிற அந்தக் கணம் பிடித்துப்போனது.

அரசியின் அங்கி அரக்கு நிறத்தில் கனமான துணி. பிறருக்கெல்லாம் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும்; மகாராணிக்கு மட்டும் வாரம் தவறாமல் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இடுப்பில் நாடாவைச் சுற்றினால் ஒவ்வொரு முறையும் அளவு குறைந்துகொண்டே வந்தது. முதல் தடவை பக்கத் தையலைக் கொஞ்சம் பிடித்தாள். மறுபடியும் பிடித்தாள். மூன்றாவது தடவை குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி இது, திரும்பவும் எளைச்சிருக்க?"

"நல்லதுதானே. அசைவு சார் என்ன சொன்னார் தெரியுமா? இப்பதான் உன் உடம்பு உன் பேச்சைக் கேக்குதுன்னார்."

அசைவு சார் என்பவர் நடிகர்களுக்கு உடல் அசைவு கற்றுக்கொடுப்பவர். அவர் வாயிலிருந்து பாராட்டை வரவழைப்பது கல்லில் நார் உரிப்பது மாதிரி. அவரே வகுப்பின் நடுவில் மகாராணியை நிற்க வைத்து, உழைப்பு என்றால் இதுதான் என்று காட்டியிருந்தார். தோழிகளெல்லாம் ரகசியம் கேட்டார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று நூல்கண்டு கேட்டதற்கு, கேன்டீனில் போய் விசாரித்துக்கொள் என்று மகாராணி சிரித்தாள். அதுவும் உண்மைதான். அவள் தட்டைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துத் தட்டைப் பார்ப்பாள். கேன்டீன்காரர், அந்த அம்மா வருகிறது, சட்டியை ஒளித்து வையுங்கள் என்று கேலி செய்கிற அளவுக்குப் போய்விட்டது. இப்படிச் சாப்பிடுகிறவளுக்கு என்ன நோய் இருக்க முடியும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

நூல்கண்டும் விட்டிருப்பாள். ஆனால் துணி விடவில்லை. இடுப்பில் பிடித்தால் தோள் இறங்கியது, தோளைத் தூக்கினால் மார்பு தொங்கியது. கோட்டை மாதிரி நிற்க வேண்டிய அரசி, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இருந்தாள். கழுத்துப்பட்டிக்கு ஊசி குத்தும்போது மகாராணியின் தொண்டைக்குழி தடதடவென்று துடிப்பது விரலில் தெரிந்தது. அவள் சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள், ஓடிவந்தவள் இல்லை. தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் அலைபாய்ந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்றாள் மகாராணி. "தாடி ஏற்கெனவே வாத்தை வசனம் படிக்கச் சொல்லிட்டான். எனக்கு உடம்பு முடியலன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். மூணு வருஷம்டி."

வாத்து என்பவள் இரண்டாம் வருடத்துப் பெண். நல்ல உயரம், நடை கொஞ்சம் ஒரு மாதிரி. யாருக்காவது முடியாமல் போனால் நிற்பதற்காக எல்லா வசனமும் பாடம் செய்து, ஒத்திகையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பாள்.

நூல்கண்டு சொல்லவில்லை. பழைய மெத்தை உறை ஒன்றைப் பிரித்துப் பஞ்சு எடுத்து, இரண்டு துணிக்கு நடுவில் பரப்பி, கட்டம் கட்டமாகத் தைத்து ஒரு உள்சட்டை செய்தாள். அதை மாட்டிக்கொண்டு மேலே அங்கியைப் போட்டதும் அரசிக்கு உடம்பு திரும்பி வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரே ஒரு விஷயம்தான் கணக்குக்கு ஒத்துவரவில்லை. எல்லா இடமும் தளர்ந்துகொண்டே போக, கழுத்துப்பட்டி மட்டும் இறுக்கியது. தூக்கக் கலக்கத்தில் தப்பாக வெட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு கொக்கியைத் தள்ளி வைத்துத் தைத்தாள். அடுத்த வாரம் மறுபடியும் தள்ளி வைத்தாள்.

உடைப் பிரிவின் மேடம் ஒரு நாள் வந்து உள்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். எதற்கு இது என்று கேட்டார். அரசி கொஞ்சம் கனத்த உடம்பு மேடம், பாத்திரத்துக்காக என்று நூல்கண்டு கூசாமல் சொன்னாள். மேடம் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் அந்த மாதம் வேறு இரண்டு வகுப்புகளின் நாடகங்கள் இருந்தன. கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கியிருந்தது. பாத்திரத்துக்கு என்றால் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் உளறியிருப்பேன் என்று நூல்கண்டுக்குத் தோன்றியது. கேட்டிருக்கலாமே என்றும் தோன்றியது.

உடையோடு நடந்த முதல் ஒத்திகையில், படிக்கட்டின் நடுவில் மகாராணி நின்றுவிட்டாள். வசனம் மறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் முகம் வெளுத்து, வேர்வை தாரையாக வழிந்து, கை காற்றில் எதையோ தேடியது. அட்டைக் கவசம் போட்ட ஒரு சிப்பாய் தாவிப் பிடித்தான். கவசம் நசுங்கியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. தாடி ஓடிவந்தவன், நேராக நூல்கண்டிடம் திரும்பினான். இவ்வளவு கனத்தைப் போட்டால் எப்படி இறங்குவாள், அங்கி காலைத் தட்டுகிறது, நீ அளவெடுத்தாயா இல்லை கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாயா என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். அவனும் பல நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. நூல்கண்டு மகாராணியைப் பார்த்தாள். மகாராணி தரையைப் பார்த்தாள். குட்டையாக்கித் தருகிறேன் என்று நூல்கண்டு சொன்னாள்.

அவள் தங்கியிருந்தது சித்தி வீட்டில். சித்திக்கு மருத்துவமனையில் இரத்தம் எடுக்கிற வேலை. நாள் முழுக்க நின்ற கால்களை ஸ்டூலின்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு சித்தி உட்கார்ந்திருப்பாள். முதுகை நிமிர்த்த முடியாமல் இவள் வந்து பக்கத்தில் உட்காருவாள். உங்கள் துறையில் எல்லோரும் அரசியாகவே இருக்கிறீர்களே, அரிசி யாரடி கழுவுவது என்று சித்தி கேட்பாள். வழக்கமாக இவள் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று ஆரம்பித்தாள். நன்றாகச் சாப்பிட்டும் ஒருத்தி இளைத்துக்கொண்டே போனால் அது என்ன சித்தி?

சித்தி கால்களைக் கீழே இறக்கினாள். வேர்க்கிறதா, கை நடுங்குகிறதா, படபடப்பு உண்டா, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறாளா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இவள் தலையாட்டினாள்.

"கழுத்து வீங்கியிருக்கான்னு பாத்தியா?"

"கழுத்தா?"

"தைராய்டாத்தான் இருக்கும்னு தோணுது. டாக்டர்தான் சொல்லணும். ஆனா படபடப்பு இவ்வளவு இருந்தா தள்ளிப்போடக் கூடாது, நெஞ்சுக்கு ஆகாது."

நூல்கண்டுக்குக் கழுத்துப்பட்டி ஞாபகம் வந்தது. தப்பாக வெட்டவில்லை அவள். கழுத்து நிஜமாகவே பெருத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஏற்றமாதிரி கொக்கியைத் தள்ளித் தள்ளி வைத்துத் தைத்தது இவள்தான். உள்ளே ஒருத்தி கரைந்துகொண்டிருக்க, வெளியே தெரியாமல் பஞ்சு வைத்து மூடியதும் இவள்தான்.

மறுநாள் மகாராணி ஒத்திகைக்கு முன்னால் உடை அறைக்கு வந்தபோது, உள்சட்டை மேஜைமேல் பிரிந்து கிடந்தது. பஞ்சு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம்.

"என்னடி பண்ற?"

"இனிமே தைக்க மாட்டேன். என் சித்தி ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறா. இப்பவே வா, போலாம்."

மகாராணி முதலில் கெஞ்சினாள். நாடகம் முடியட்டும், முடிந்த மறுநாளே வருகிறேன் என்றாள். இவள் அசையவில்லை. நீயே தாடியிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றாள். அப்போதுதான் மகாராணியின் முகம் மாறியது.

"எனக்குத் தெரியும். நீயும் நடிக்கத்தானே வந்த. உனக்குக் கெடைக்கலன்னதும் எனக்கும் கெடைக்கக் கூடாது."

இஸ்திரிப் பெட்டி சூடாகிற வாசனை வந்தது. நூல்கண்டு அதை அணைத்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை.

"மொத வருஷம் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. இப்ப அதெல்லாம் இல்லடி. எனக்குக் களைப்பா இருக்கு. ராத்திரி படுத்தா நீ அந்தப் படியில நிக்கிறதுதான் தெரியுது."

மகாராணி கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டாள். நூல்கண்டு கொஞ்ச நேரம் பஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து அரங்கத்துக்குப் போய், இருட்டில் தனியாக உட்கார்ந்து ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த தாடியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். உள்சட்டையையும் சொன்னாள், கொக்கியையும் சொன்னாள். மேடையில் மகாராணி பேசிக்கொண்டிருந்தாள். அவர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள், வசனம் தடுமாறவில்லை.

தாடி மேடையைப் பார்த்தான். படிக்கட்டை எடுத்துவிட்டால் சமாளிக்க முடியுமா என்று கேட்டான். தெரியாது என்றாள் இவள். உட்கார்ந்தபடியே நடிக்க வைத்தால், என்று அடுத்துக் கேட்டான். கேட்டுவிட்டு அவனே வெட்கப்பட்டவன் மாதிரி முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். எழுந்துபோய் ஒத்திகையை நிறுத்தினான். மகாராணியை அழைத்து ஏதோ சொன்னான். அவள் கத்துவாள் என்று நூல்கண்டு பயந்தாள். அவள் கத்தவில்லை. மேடை விளிம்பில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். மூன்று பேருமாக ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனார்கள். வழியெல்லாம் மகாராணி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

சித்தி வாசலிலேயே நின்று அவர்களை உள்ளே கூட்டிப்போனாள். இரத்தம் எடுக்கும்போது, நான்தான் குத்துவேன், வலித்தால் உன் தோழியைத் திட்டிக்கொள் என்றாள். மகாராணி சிரிக்கவில்லை. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், நெஞ்சைப் பரிசோதித்தார், முடிவுகளைப் பார்த்தார். தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல் வேலை செய்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் வந்துவிடும், ஆனால் நெஞ்சு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் இப்போதைக்கு மாடிப்படியே ஏறக்கூடாது என்றார். மேடைக் கதையைத் தாடி தயங்கித் தயங்கி எடுத்தபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அவன் பேச்சை முடிக்கவில்லை.

அடுத்த நாளே வாத்து அரசியானாள். மகாராணிக்காகச் சுருக்கிய அங்கி இவளுடைய தோளில் ஏறவே இல்லை. பிடித்துப் பிடித்துத் தைத்த ஒவ்வொரு தையலையும் நூல்கண்டு மறுபடியும் பிரித்தாள். பிரித்த இடங்களில் துணி நிறம் மாறி வரிவரியாகத் தெரிந்தது. அதை மறைக்கக் கரை வைத்தாள். கவசக்காரனும் பசைக் கையைக் கழுவிவிட்டு வந்து பொத்தான் தைத்துக் கொடுத்தான். மேடமும் ஒரு மாலை வந்து மெஷினில் உட்கார்ந்து கீழ்விளிம்பை அடித்துக் கொடுத்தார். நீ அன்றைக்கு என்னிடம் சொல்லியிருக்கலாம் என்றார். நீங்களும் கேட்டிருக்கலாம் மேடம் என்று நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். மேடமே அதைக் கேட்டுவிட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு தைத்தார்.

நாடகம் நடந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது. வாத்து இரண்டாவது அங்கத்தில் ஒரு பெரிய துண்டு வசனத்தைத் தாண்டிவிட்டாள். கூட நின்ற மந்திரி எப்படியோ கோர்த்து இழுத்துக்கொண்டு போனான். ஆனால் படிக்கட்டில் அவள் இறங்கியபோது அரங்கம் அமைதியாகத்தான் இருந்தது. வாத்து நடை என்று எல்லோரும் கேலி செய்த அந்த நடை, வயதான அரசிக்குப் பொருந்திப்போனது. தேர்வாளர்களில் ஒருவர் பிற்பாடு உடை அறைக்கு வந்து அங்கியைத் திருப்பிப் பார்த்து, வெளியே அழகாக இருக்கிறது, உள்ளே ஏன் இத்தனை பிரித்த தையல் என்று கேட்டார். அளவு மாறிக்கொண்டே இருந்தது சார் என்று மட்டும் சொன்னாள். மதிப்பெண் சுமாராக வந்தது. பாஸ் ஆனதே போதும் என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் எழுந்திருக்காமல் தூங்கினாள்.

மகாராணி பேசவே இல்லை. இவள் போன் செய்தால் அவள் அம்மா எடுத்து, தூங்குகிறாள் என்பார். துறையில் அவளுக்காகக் கூட்டம் போட்டுப் பேசி, அடுத்த வருடத்து மாணவர்களோடு சேர்ந்து நடித்துத் தேர்வை முடிக்கலாம் என்று சொன்னதாகத் தாடி மூலம் தெரிந்தது. நூல்கண்டு காவலாளிகளுக்குச் சீருடை தைக்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லோருக்கும் மூன்றே அளவுதான். யாருடைய உடம்பையும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனாலும் சில நாள் மெஷினில் கால் வைத்தபடியே யோசிப்பாள். கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருந்தால் மருந்தும் சாப்பிட்டு, வேஷமும் போட்டிருப்பாளோ? இல்லை, சொல்லாமலே விட்டிருந்தால்? அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் அடுத்த சட்டையை எடுத்துக்கொள்வாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை போன் வந்தது. எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை மகாராணி.

"நாளைக்கு லீவுதானே? வசனம் கேக்க ஆள் வேணும். அம்மா கேட்டா நடுவுல அடுப்பைப் பாக்கப் போயிடறாங்க."

வருகிறேன் என்றாள் நூல்கண்டு.

ஞாயிற்றுக்கிழமை மகாராணியின் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தார்கள். ஆள் கொஞ்சம் தேறியிருந்தாள். முகம் உருண்டிருந்தது, கை நடுங்கவில்லை. மாத்திரை வாயெல்லாம் கசக்கிறது என்றாள். அசைவு சார், இப்போது உடம்பு வைத்துவிட்டாயே என்கிறாராம். நீ என்ன சொன்னாய் என்று இவள் கேட்டதற்கு, டாக்டரை வந்து பாருங்கள் சார் என்று சொன்னேன் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு உடை அறையில் பேசியதை மகாராணி எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. ஆனால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது, மகாராணி ஒரு நிமிடம் இவள் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்தாள்.

புது நாடகம், புது வேஷம்; இந்தத் தடவை அரசி இல்லை, ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு நூல்கண்டு மற்றவர்களின் வசனத்தைச் சொல்ல, மகாராணி நடந்துகொண்டே பதில் சொன்னாள். சுவரோரம் நிழல் நன்றாக இருந்தது. வாரம் முழுக்கத் தைத்த கை கனத்தது. முதல் அங்கம் வரை ஒரு வரி விடாமல் பார்த்தாள். அப்புறம் எங்கே தூங்கிப்போனாள் என்று அவளுக்கே தெரியாது.

கண்ணை விழித்தபோது தலைக்கடியில் ஒரு தலையணை இருந்தது. பக்கங்கள் மகாராணியின் கையில் இருந்தன. இரண்டு பேருடைய வசனத்தையும் அவளே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க இருக்க?" என்று எழுந்திருக்கப் பார்த்தாள் நூல்கண்டு.

"ரெண்டாவது அங்கம்தான் ஓடுது. தூங்குடி, நான் பாத்துக்கறேன்."

அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.